எஃப்டி232ஆர்: பைட் தப்பாது, நேரம் தப்பும்

பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் ஒன்பது முனை சீரியல் போர்ட் கணினிகளை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. ஆனால் மறுமுனையில் இருக்கும் கருவிகள் மாறவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் பலகை, ஜிபிஎஸ் ரிசீவர், எடைமேடை, மின்மீட்டர், மோட்டார் டிரைவ் என்று பல கருவிகள் இன்றும் சீரியலில்தான் பேசுகின்றன. கணினிக்கும் இந்தக் கருவிகளுக்கும் நடுவில் நின்று யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் பிரிட்ஜ் சிப்களில் நெடுநாளாகப் பெயர் பெற்றது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர். இந்த மதிப்பாய்வு அதன் மின்சுற்றைப் பற்றியதன்று. அதை நம்பி நிரல் எழுதுபவரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இது நல்ல சிப். ஆனால் தான் ஒரு சாதாரண சீரியல் போர்ட் என்று நிரலாளரை நம்பவைக்கும் அளவுக்கு நல்ல சிப். சிக்கல்கள் பெரும்பாலும் அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன. அனுப்பிய பைட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேர்ந்துவிடும். எந்த நொடியில் போய்ச் சேரும் என்பதற்கு மட்டும், நீங்கள் வலியக் கேட்டு அமைத்துக்கொண்டாலொழிய, இது பொறுப்பேற்காது.

வன்பொருள் பக்கம் குறை சொல்ல அதிகம் இல்லை. கடிகார ஆசிலேட்டர் சிப்புக்கு உள்ளேயே இருப்பதால் தனிக் கிரிஸ்டல் வேண்டாம். அமைப்புகளைச் சேமிக்கும் ஈப்ராமும் உள்ளேயே இருக்கிறது. சிக்னல் மின்னழுத்தத்தை 1.8 வோல்ட் முதல் 5 வோல்ட் வரை வைத்துக்கொள்ளலாம். பழைய சீரியல் போர்ட்டுகளின் தரமான ஆர்எஸ்232 கேட்கும் மின்னழுத்தம் இதிலிருந்து நேரடியாக வராது என்பதையும், பழைய கருவிகளோடு பேச இடையில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஒரு லெவல் கன்வெர்ட்டர் தேவை என்பதையும் மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கணினியில் செருகியதும் இது நிறுவன எண் 0403, பொருள் எண் 6001 என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலில் இதற்கான டிரைவர் பல்லாண்டுகளாக உள்ளது. ஆப்பிள் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஓஎஸ் எக்ஸ் 10.9 முதல் தன் சொந்த டிரைவரையே சேர்த்துவிட்டது. விண்டோஸ் தன் அப்டேட் வழியாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் புதிதாகத் தொடங்குபவர்கள் சந்திக்கும் முதல் தடை, போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தி. பல லினக்ஸ் வகைகளில், பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் அது தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு சிப்புக்கும் ஆலையிலேயே தனித் தொடரெண் எழுதப்பட்டு வருவது சிறிய வசதி போலத் தோன்றலாம்; நான்கைந்து கருவிகளை ஒரே கணினியில் மாட்டியிருப்பவருக்கு அதன் அருமை தெரியும். போர்ட் 0, போர்ட் 1 என்று லினக்ஸ் கொடுக்கும் எண்கள் செருகிய வரிசையைப் பொறுத்து மாறுபவை. தொடரெண் இருப்பதால், அதை அடிப்படையாகக் கொண்ட நிலையான பெயரால் போர்ட்டைத் திறக்க முடிகிறது. விண்டோஸிலும் யூஎஸ்பி துளையை மாற்றிச் செருகினாலும் அதே காம் எண்ணே திரும்பக் கிடைக்கிறது. மலிவான பலகைகளில் பரவலாகக் காணப்படும் சிஎச்340ஜி சிப்பில் இந்தத் தொடரெண் கிடையாது. எந்தத் துளையில் செருகினோம் என்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

இனி நேரத்தைப் பற்றிப் பார்க்கலாம். இந்தச் சிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

யூஎஸ்பியில் சாதனம் தானாக எதையும் கணினிக்கு அனுப்ப முடியாது. கணினி கேட்கும்போதுதான் கொடுக்க முடியும், அதுவும் பாக்கெட்டுகளாக. எஃப்டி232ஆர் தரும் பாக்கெட்டின் அளவு 64 பைட். அதில் முதல் இரண்டு பைட் நிலைத்தகவலுக்குப் போய்விடுவதால் தரவுக்கு மிஞ்சுவது 62. சீரியல் வழியாக ஒரு பைட் வந்தவுடனேயே அதை ஒரு பாக்கெட்டில் போட்டு அனுப்புவது வீண் என்று கருதி, 62 பைட் சேரும் வரை சிப் காத்திருக்கிறது. சேரவே இல்லையென்றால் என்ன செய்வது என்பதற்காக உள்ளே ஒரு லேட்டன்சி டைமர் இருக்கிறது. அது முடிந்ததும், கையில் இருப்பது ஒரே ஒரு பைட்டாக இருந்தாலும் அனுப்பிவிடும். இந்த டைமரின் இயல்பான மதிப்பு 16 மில்லிநொடி.

கோப்பு போன்ற நீண்ட தரவைத் தொடர்ந்து வாங்கும்போது இந்த 16 கண்ணில் படவே படாது. 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் 62 பைட் சேர ஏறத்தாழ 5.4 மில்லிநொடிதான் ஆகிறது. டைமர் முடிவதற்குள் பாக்கெட் நிரம்பிக் கிளம்பிவிடும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் நிரல்களில்தான் கதை மாறுகிறது. கருவிக்கு எட்டு பைட்டில் ஒரு கட்டளை அனுப்புகிறீர்கள். அது பத்து பைட்டில் பதில் தருகிறது. அந்தப் பத்து பைட்டும் கம்பியில் வந்து சேர 0.87 மில்லிநொடி போதும். ஆனால் பத்து என்பது 62 ஆகாது என்பதால், பதில் முழுவதும் சிப்பின் வயிற்றில் இருந்தும், டைமர் முடியும் வரை அது வெளியே வராது. அடுத்த கேள்வியை இந்தப் பதில் கிடைத்த பிறகுதான் அனுப்ப முடியும் என்பதால், நொடிக்கு அறுபது கேள்விகளைச் சுற்றியே நிரல் தேங்கி நிற்கும். பாட் ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் இந்த எண்ணிக்கை அசையாது. வேகத்தைக் கூட்டியும் பயனில்லையே என்று குழம்பி, கருவியின் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருந்து எளிது. டைமரை 1 முதல் 255 மில்லிநொடி வரை எந்த மதிப்புக்கும் மாற்றலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் இது இருக்கிறது. லினக்ஸில் சிஸ் கோப்பமைப்பில் அந்தப் போர்ட்டுக்கு உரிய அடைவுக்குள் லேட்டன்சி டைமர் என்ற பெயரிலேயே ஒரு கோப்பாக இருக்கிறது. அதில் 1 என்று எழுதினால் போதும். எழுத நிர்வாகி உரிமை தேவை என்பதால், சாதனம் செருகப்படும்போதே மதிப்பை மாற்றிவிடும் ஒரு யூடெவ் விதியை எழுதி வைப்பது நல்லது. மேலே சொன்ன கேள்வி பதில் நிரல், கருவியின் சொந்தத் தாமதம் சிறிதாக இருந்தால், இந்த ஒரு மாற்றத்திலேயே நொடிக்கு இருநூறைத் தாண்டிவிடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. டைமரை 1 ஆக்கினால், தரவு எதுவும் வராத நேரத்திலும் நொடிக்கு ஆயிரம் வெற்றுப் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு நிலைத்தகவல் பைட்டுகளோடு, கணினியை வந்து தட்டிக்கொண்டே இருக்கும். மேசைக் கணினிக்கு இது பொருட்டே இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஒற்றைப்பலகைக் கணினியில் பல போர்ட்டுகளைத் திறந்து வைத்திருந்தால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

டைமரைத் தொடாமலே பாக்கெட்டை உடனே கிளப்ப வேறு இரண்டு வழிகளும் உண்டு. நிறுவனத்தின் ஆவணங்களிலேயே சொல்லப்பட்டிருந்தும், பலர் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒரு குறிப்பிட்ட எழுத்தை நிகழ்வு எழுத்தாக அமைத்துவிட்டால், அந்த எழுத்து வந்த நொடியே சிப் காத்திருப்பதை நிறுத்திக்கொண்டு அனுப்பிவிடும். ஒவ்வொரு வரியும் ஒரே எழுத்தில் முடியும் நெறிமுறைகளுக்கு இது அச்சாகப் பொருந்தும். மற்றொன்று, கருவியின் நிலையைத் தெரிவிக்கும் சிடிஎஸ், டிஎஸ்ஆர், டிசிடி போன்ற உள்ளீட்டுக் கம்பிகளில் ஒன்றின் நிலை மாறினாலும் பாக்கெட் உடனே கிளம்பும் என்பது. மைக்ரோகன்ட்ரோலர் நிரலும் உங்கள் கையில் இருந்தால், பதிலின் கடைசி பைட்டை அனுப்பியதும் ஒரு கம்பியை மேலும் கீழும் ஆட்டச் சொல்லலாம். ஜிபிஎஸ் ரிசீவரின் நொடித்துடிப்பை டிசிடி கம்பியில் கொடுத்துக் கணினிக் கடிகாரத்தைத் திருத்துபவர்களுக்குக் கைகொடுப்பதும் இந்தக் குணமே. அதே ரிசீவர் அனுப்பும் எழுத்து வரிகளின் வருகை நேரத்தை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தினால், டைமரின் அளவுக்கு ஆட்டம் இருந்தே தீரும்.

நேர இடைவெளியையே இலக்கணமாகக் கொண்ட நெறிமுறைகளுக்கு இந்தச் சிப் மட்டுமன்று, எந்த யூஎஸ்பி பிரிட்ஜும் முழுமையாக ஒத்துவராது. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மாட்பஸ் ஆர்டியூவை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்தி முடிந்தது என்பதை மூன்றரை எழுத்து நேர அமைதியால் அறிய வேண்டும் என்பது அதன் விதி. 9600 பாட் வேகத்தில் அது 4 மில்லிநொடி, 19200க்கு மேல் போனால் 1.75 மில்லிநொடி என்று நிலையாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. சிப்புக்குள் 16 மில்லிநொடி தேங்கி, பிறகு மொத்தமாக வந்து விழும் பைட்டுகளுக்கு நடுவே இந்த அமைதியைக் கணினியிலிருந்து தேடுவது வீண்வேலை. செய்தியின் நீளத்தைச் செயற்பாட்டு எண்ணிலிருந்து கணித்து, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் சரியாக வருகிறதா என்று பார்த்து முடிவு செய்வதே இங்கு நிலைக்கும் முறை. இப்படி எழுதப்பட்ட நிரல் எந்தச் சிப்பிலும் ஓடும். அமைதியை அளந்து எழுதப்பட்ட நிரல் எழுதியவரின் மேசையில் மட்டுமே ஓடும்.

அதே மாட்பஸ் பெரும்பாலும் ஓடும் ஆர்எஸ்485 கம்பியில் இந்தச் சிப் தன் மதிப்பை நிரூபிக்கிறது. இரண்டே கம்பிகளில் இரு திசையிலும் பேசும் அந்த ஏற்பாட்டில், அனுப்பும்போது, கம்பியோடு இணைந்திருக்கும் டிரான்ஸ்சீவர் சிப்பைப் பேசும் நிலைக்கும், முடிந்தவுடன் கேட்கும் நிலைக்கும் மாற்ற வேண்டும். இதை நிரலிலிருந்து ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியை ஆட்டிச் செய்தால், அந்தக் கட்டளையும் யூஎஸ்பி வரிசையில் நின்றுதான் சிப்பை அடையும்; கம்பியை விட்டுக்கொடுப்பதற்குள் எதிர்முனைக் கருவி பதிலைத் தொடங்கிவிட, அதன் முதல் பைட்டுகள் சிதைந்துவிடும். எஃப்டி232ஆரில் சிபஸ் என்ற பெயரில் ஐந்து கூடுதல் முனைகள் உள்ளன. அவற்றில் சிபஸ் 2, ஆலையிலிருந்து வரும்போதே, அனுப்பும் நேரத்தில் மட்டும் உயர்ந்திருக்கும் சிக்னலாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதை டிரான்ஸ்சீவரின் திசை முனையில் இணைத்துவிட்டால் திசை மாற்றத்தை முழுக்கச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. நிரலில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆர்எஸ்485க்காக மட்டுமே ஒருவர் இந்தச் சிப்பை வாங்கினாலும் தவறில்லை என்பேன்.

பாட் ரேட் விஷயத்தில் சிப் தாராளமாகவே இருக்கிறது, சில எல்லைகளுக்கு உட்பட்டு. உள்ளே 30,00,000 என்ற எண்ணை ஒரு வகுஎண்ணால் வகுத்து வேகத்தை உண்டாக்குகிறது. அந்த வகுஎண் முழு எண்ணாக மட்டுமல்லாமல் எட்டில் ஒரு பங்கு வீதம் பின்னமாகவும் இருக்கலாம். 9600க்கு வகுஎண் 312.5, துல்லியமாகப் பொருந்துகிறது. 115200க்கு 26.04 தேவை; 26 எடுத்துக்கொள்ளப்படுகிறது, வேகம் 0.16 சதவீதம் கூடுகிறது, யாருக்கும் பாதகமில்லை. மிடி இசைக்கருவிகளின் 31250க்கு 96, மேடை விளக்குகளின் டிஎம்எக்ஸ் நெறிமுறையின் 250000க்கு 12. இரண்டும் முழு எண்கள். உச்ச வேகம் 30 லட்சம் பாட், அதற்கு அடுத்தது 20 லட்சம், அதற்கும் அடுத்தது 15 லட்சம். இவற்றுக்கு இடைப்பட்ட வேகங்கள் கிடைக்கா. 25 லட்சம் வேண்டும் என்பவர் வேறு சிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்முனையின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலர் 115200 என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 117647 என்ற வேகத்தில்தான் பேசுகிறது, பிழை 2.1 சதவீதம். பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் விளிம்பில் ஓடும். அதே மைக்ரோகன்ட்ரோலரை 250000 அல்லது 500000 பாட்டில் வைத்தால் இரு முனைகளிலும் பிழை பூஜ்யம். பழக்கத்தால் 115200ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. லினக்ஸில் போர்ட்டை அமைக்கும் வழக்கமான டெர்மியோஸ் முறையில் இந்த எண்களில் 250000 கிடையாது; தனிப்பயன் வேகத்துக்கான டெர்மியோஸ்2 வழியை எடுக்க வேண்டும், அல்லது அதைத் தானே கவனித்துக்கொள்ளும் பைசீரியல் போன்ற நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும்.

இயங்குதளத்தின் டிரைவரை ஒதுக்கிவிட்டு லிப்யூஎஸ்பி நூலகம் வழியாகச் சிப்போடு நேரடியாகப் பேசிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் சில சுவையான காட்சிகள் கிடைக்கும். வேகத்தை அமைக்கும் கட்டளையின் எண் 3. 9600க்கு அதோடு அனுப்ப வேண்டிய மதிப்பு பதினாறுநிலை எண்ணில் 4138. இதில் 138 என்பது 312. முன்னால் நிற்கும் 4, அரை என்ற பின்னத்துக்கான குறியீடு. தரவைப் படிக்கத் தொடங்கினால், சீரியல் கம்பியில் எதுவும் வராதபோதும் பதினாறு மில்லிநொடிக்கு ஒருமுறை 01, 60 என்ற இரண்டு பைட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவைதாம் முன்பு சொன்ன நிலைத்தகவல். இரண்டாவது பைட்டில் வரும் 60, அனுப்ப வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்பதைக் குறிக்கும் இரண்டு பிட்டுகள். பாரிட்டி (சரிபார்ப்பு பிட்) பிழை, ஃப்ரேமிங் பிழை, பிரேக் ஆகியவையும் அதே பைட்டின் மற்ற பிட்டுகளில் தெரியும். ஒரே முறையில் நிறையத் தரவைப் படிக்கும்போது, ஒவ்வொரு 64 பைட்டுக்கும் முன்னால் இந்த இரண்டும் இருக்கும் என்பதை மறந்துவிட்டால், தரவுக்கு நடுநடுவே புரியாத எழுத்துகள் முளைக்கும். லிப்எஃப்டிடிஐ நூலகம் இவற்றை நீக்கித் தருகிறது.

எழுதும் பக்கத்திலும் அந்த நிலைத்தகவலுக்கு வேலை இருக்கிறது. எழுதும் கட்டளை வெற்றி என்று திரும்பினால், பைட்டுகள் கம்பியில் போய்விட்டன என்று பொருளில்லை. இயங்குதளத்தின் பஃபரில், அதாவது இடைச்சேமிப்பில், ஏறிவிட்டன என்பதே பொருள். உண்மையில் முடிந்துவிட்டதா என்று அறிய விரும்பும் நிரல் வடிந்து முடியும் வரை காத்திருக்கும் டிசிடிரெய்ன் கட்டளையை அழைக்க வேண்டும்; லினக்ஸ் டிரைவர் சிப்பின் அந்தக் காலி பிட்டைக் கேட்டே பதில் சொல்கிறது. பாரிட்டியை மார்க் (1), ஸ்பேஸ் (0) என்று மாற்றி மாற்றி ஒன்பதாவது பிட்டாகப் பயன்படுத்தும் சில நெறிமுறைகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு இப்படிக் காத்திருக்க வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். சிப் ஏழு அல்லது எட்டு தரவு பிட்டுகளை மட்டுமே அறியும். ஒன்பது பிட்டை நேரடியாகக் கேட்க முடியாது.

பைட் தப்பாது என்று தலைப்பில் சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கருவியிலிருந்து கணினிக்கு வரும் திசையில் சிப்பின் பஃபர் 256 பைட், எதிர்த்திசையில் 128. டேட்டாஷீட்டில் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் யூஎஸ்பி பக்கத்திலிருந்து பார்த்து வைக்கப்பட்டவை. அதனால் சீரியல் பக்கம் நிற்பவருக்கு ஆர்எக்ஸ் என்பதும் டிஎக்ஸ் என்பதும் தலைகீழாகத் தெரியும். டேட்டாஷீட்டை அவசரமாகப் புரட்டுபவர் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். 115200 வேகத்தில் 256 பைட் நிரம்ப 22 மில்லிநொடி ஆகிறது. கணினி சற்றே அசந்தாலும் தாங்கும். 30 லட்சம் பாட்டில் அது 0.85 மில்லிநொடியில் நிரம்பிவிடும், அதாவது யூஎஸ்பியின் ஒரு ஃப்ரேம் நேரத்துக்கும் குறைவு. அந்த வேகத்தில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளை இணைத்து, பஃபர் நிரம்பினால் எதிர்முனையை நிறுத்தச் சொல்லும் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை இயக்காமல் நீண்ட தரவை வாங்குவது சூதாட்டம். கம்பிகளை இணைத்துவிட்டு நிரலில் அதை இயக்க மறப்பது இன்னொரு வகைத் தவறு. மூன்று கம்பி கேபிளைச் செருகிவிட்டு நிரலில் இயக்கி வைத்து, ஒரு பைட்டும் வெளியே போகவில்லையே என்று தேடுவது மற்றொரு வகை.

பைனரித் தரவு அனுப்புபவர்கள் மென்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் அணைந்திருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் போர்ட்டை, பைட்டுகளைத் தொடாமல் கடத்தும் மூலநிலைக்கு மாற்றாமல் திறந்தால், 17, 19 என்ற மதிப்புள்ள பைட்டுகள் கட்டுப்பாட்டு எழுத்துகளாக விழுங்கப்படலாம், 13 என்பது 10 ஆக மாறி வரலாம். இதில் சிப்புக்குப் பங்கில்லை. பழி மட்டும் சிப்பின் மேல் விழுகிறது.

போர்ட்டைத் திறக்கும்போதே டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பியின் நிலை மாறுவதும் அப்படித்தான். அர்டுயினோ வகைப் பலகைகளில் அந்தக் கம்பி ஒரு கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் முனைக்குப் போகிறது. நிரலை ஏற்ற அது வசதி. ஆனால் அளவீடுகளைச் சேகரித்துக்கொண்டிருக்கும் பலகையோடு இடையில் இணைந்து எட்டிப் பார்க்க நினைத்தால், திறந்த மாத்திரத்தில் பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். எஃப்டி232ஆரைத் தாங்கிவந்த டூமிலானோவே பலகையிலும் இது உண்டு. பின்னர் வந்த ஊனோ பலகை 2010இல் பிரிட்ஜ் வேலையை வேறொரு மைக்ரோகன்ட்ரோலரிடம் ஒப்படைத்த பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. போர்ட்டைத் திறந்ததும் கட்டளையை அனுப்பாமல், பலகை தொடங்கும்போது முதலில் ஓடும் பூட்லோடர் விலகும் வரை ஓரிரு நொடி பொறுப்பதே எளிய வழி.

பிட் பேங் என்ற இன்னொரு முகமும் இந்தச் சிப்புக்கு உண்டு. அந்த நிலையில் சீரியல் போர்ட் மறைந்து, எட்டுக் கம்பிகளும் நிரல் விரும்பியபடி ஆட்டக்கூடிய முனைகளாகிவிடும். ஏவிஆர்டியூட் மென்பொருள் இதைக் கொண்டே தனி புரோகிராமர் இல்லாமல் ஏவிஆர் சிப்களில் நிரல் ஏற்றுகிறது. அவசரத்துக்கு உதவும், தொடர்ந்து செய்யும் வேலைக்கு இதை நாட வேண்டாம்.

நிறுவனம் தரும் டிரைவர் இரண்டு முகம் கொண்டது. ஒன்று, வழக்கமான காம் போர்ட்டாகக் காட்டும் விசிபி. மற்றொன்று, டைமர், நிகழ்வு எழுத்து, பிட் பேங், ஈப்ராம் எல்லாவற்றையும் நிரலிலிருந்தே தொடவிடும் டி2எக்ஸ்எக்ஸ். விண்டோஸில் இரண்டும் சேர்ந்தே நிறுவப்படுகின்றன. ஒரு சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு வழியாக மட்டுமே திறக்கலாம். லினக்ஸில் டி2எக்ஸ்எக்ஸ் வேண்டுமென்றால் கெர்னல் டிரைவரை முதலில் விலக்க வேண்டும், மூலநிரலும் திறந்ததன்று. என் தேர்வு, பொது வேலைகளுக்கு விசிபியோடு டைமரை மட்டும் குறைத்துக்கொள்வது. சிப்பின் சிறப்பு வசதிகள் தேவைப்படும்போது லிப்எஃப்டிடிஐ அல்லது பைஎஃப்டிடிஐ. டி2எக்ஸ்எக்ஸ் நன்றாக எழுதப்பட்டதுதான். ஆனால் அதை நம்பி எழுதிய நிரலை வேறு நிறுவனத்தின் சிப்புக்கு நகர்த்த முடியாது.

இந்தச் சிப்பைப் பற்றிய எந்த மதிப்பாய்வும் போலிகளைப் பற்றிப் பேசாமல் முடிய முடியாது. பெயர் பெற்ற பொருள் என்பதால் அச்சு அசலாக அதே எழுத்துகளைப் பொறித்த போலிச் சிப்கள் சந்தையில் நிறைந்திருக்கின்றன. 2014 அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐயின் டிரைவர், போலி என்று கண்ட சிப்பின் பொருள் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தச் சாதனத்தைக் கணினிகள் அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் வந்த மற்றொரு பதிப்பு சிப்பைக் கெடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, சாதனம் அசல் அன்று என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியைச் சீரியல் தரவுக்குள்ளேயே கலந்து விட்டது. தன் பொருளைக் காத்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் தண்டனை போய் விழுந்தது போலியைச் செய்தவர் மேலன்று, அசல் என்று நம்பி வாங்கியவர் மேல். ஒரு வால்வையோ மோட்டாரையோ இயக்கும் கம்பியில் எதிர்பாராத எழுத்துகளைக் கலந்துவிடும் டிரைவரை எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்த முடியாது. போலி என்றால் இயங்க மறுத்துவிட்டு, திரையில் காரணத்தைச் சொல்லியிருந்தால் போதுமானது.

வாங்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது. பல பலகைகளில் ஒரே தொடரெண் வந்தாலோ, பிட் பேங் இயங்க மறுத்தாலோ ஐயப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்க முடியாத சூழலில், எஃப்டி232ஆர் என்று எழுதிய ஐயத்துக்குரிய பலகையைவிட, சிஎச்340 என்று நேர்மையாக எழுதிய பலகையை வாங்குவதே மேல்.

போட்டியாளர்களைப் பொறுத்தவரை, நிரலை ஏற்றவும் பிழைத்திருத்த வரிகளைப் பார்க்கவும் மட்டுமே தேவை என்றால் சிஎச்340 தாராளமாகப் போதும். லினக்ஸ் கெர்னலில் அதற்கும் டிரைவர் இருக்கிறது. உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி மென்பொருள், அந்தச் சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பறித்துக்கொள்ளும் தொல்லை மட்டும் உண்டு. பிரெய்ல் கருவியைப் பயன்படுத்தாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கினால் தீரும். சிலிக்கான் லேப்ஸின் சிபி2102 நம்பகமானது, பஃபர் பெரியது, ஆனால் 10 லட்சம் பாட்டில் நின்றுவிடும். 30 லட்சம் வரை போக அதன் அடுத்த பதிப்பான சிபி2102என் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரிலேயே யூஎஸ்பி இருந்தால் பிரிட்ஜ் சிப்பே தேவையில்லை. அங்கே பாக்கெட் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் நீங்களே எழுதலாம்.

புதிய பலகை வடிவமைப்பவருக்கு எஃப்டி232ஆரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே நிறுவனத்தின் எஃப்டி231எக்ஸ் இரு திசையிலும் 512 பைட் பஃபரோடு வருகிறது. அதிவேக யூஎஸ்பியும் 120 லட்சம் பாட் வரையான சீரியலும் வேண்டுமென்றால் எஃப்டி232எச் இருக்கிறது. இருக்கும் கருவிகளைப் பராமரிப்பவருக்கும், ஆர்எஸ்485 கம்பியில் வேலை செய்பவருக்கும், டைமரைக் கையாளத் தெரிந்தவருக்கும் எஃப்டி232ஆர் இன்றும் தயங்காமல் எடுக்கக்கூடிய சிப்தான். பின்னாளில் புதியவற்றுக்கு மாறினாலும் இதற்கு எழுதிய நிரலில் பெரும்பகுதி அப்படியே ஓடும். பொருள் எண் மட்டும் எஃப்டி231எக்ஸில் 6015 என்றும் எஃப்டி232எச்சில் 6014 என்றும் இருப்பதால், 6001ஐ மட்டும் தேடும்படி எழுதிய வரிகளையும் யூடெவ் விதிகளையும் திருத்த வேண்டியிருக்கும்.